பாடக்குறிப்பை நிஜமாகவே நடத்திய பி.டி. சார்

பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் பிரெஞ்சு வகுப்பு எடுத்து ஊரையே கூட்டுகிறார் என்ற வதந்தி, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கும்மிடிப்பூண்டி வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு டீச்சர் சோனியா மிஸ்ஸின் காதுக்கு இரண்டாம் வாரமே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ஞானம்மா. அதே பள்ளியில் ஆயா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் கடை போட்டுக் கத்துகிறார்களாம். பி.டி. சார் பாக்கியராஜ் விசிலோடு நடுவில் நிற்கிறாராம். கரஸ்பாண்டெண்ட் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடைசித் தகவலில்தான் தையல் போட்ட இடம் வலித்தது. பிரெஞ்சு சரியாகப் போகவில்லையென்றால் அந்தப் பீரியடில் கோடிங் வைக்கப்போவதாக அவர் ஜூனிலேயே சொல்லியிருந்தார். பிரெஞ்சு போனால் சோனியாவும் போக வேண்டியதுதான். ஒன்பது வருஷமாக அவர் நடத்தியது நூற்றுக்கு நூறு வாங்கித்தரும் கேள்வி பதில். பிள்ளைகள் உருப்போட்டார்கள், வாங்கினார்கள், மறந்தார்கள். யாருக்கும் குறையில்லை.

லீவுக்கு முன், பதிலுக்கு வருபவருக்காக மூன்று வாரப் பாடக்குறிப்பு கேட்டார் பிரின்சிபால். அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டுமாம். பாடக்குறிப்பு கையெழுத்து வாங்குவதற்கு, வகுப்பில் நடப்பது வேறு என்பது ஆசிரியர் குலத்துக்கே தெரியும். ஆகவே சோனியா இணையத்தில் கண்ட நல்லதையெல்லாம் அள்ளிப் போட்டார். மாணவர்கள் சந்தை அமைப்பர். பிரெஞ்சில் மட்டுமே பேரம் பேசுவர். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. தெரியாத சொற்களைத் தாளில் குறித்து மொழி ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். பிரின்சிபால் படிக்காமலே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வாரம், டாக்டர் சொன்னதையும் மீறி, சோனியா ரயிலேறிப் போய்ப் பார்த்தார். வதந்தி குறைத்தே சொல்லியிருந்தது. "ஸே கோம்பியான்?" என்று விலை கேட்டு ஒருவன் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டினான். விற்றவள் விலை சொன்னாள்; அவன் பாதிக்குக் கேட்டான்; அவள் பிரெஞ்சிலேயே திட்டினாள். திட்டு எந்தப் பாடத்திலும் இல்லை.

பாக்கியராஜிடம் பாடக்குறிப்பின் நகல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் டிக், பக்கத்தில் நேரம், கையெழுத்து. பள்ளிக்கு வருமுன் மூன்று வருஷம் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டியவர் அவர். அங்கே மிஷின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு வரி விட்டாலும் அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

"இதையெல்லாம் நெஜமாவே செஞ்சீங்களா சார்?" என்றார் சோனியா.

"இன்னா மிஸ், நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? வரிசை மாறாம செஞ்சிக்கினு வரேன். அந்த வெட சொல்லக் கூடாதுங்கற லைன்தான் ரொம்ப ஈஸி. எனக்கு எங்க தெரியுது?"

அவர் கேலி செய்கிறாரா என்று சோனியாவுக்கு விளங்கவில்லை.

கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டனுப்பினார். பெற்றோர் இரண்டு பேர் பாராட்டினார்களாம்; பிரெஞ்சு இருக்கட்டும் என்றார். இப்படி ஒரு திட்டம் கையில் இருந்தும் இத்தனை வருஷம் ஏன் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார். இனிமேல் வருஷம் பூரா இதே மாதிரிதான். வேலை தப்பியது. தப்பியது தன்னாலா, தன்னை நம்பிய ஒருவராலா என்று ரயிலில் கவரைப்பேட்டை தாண்டியும் சோனியாவுக்குப் பிடிபடவில்லை. நிஜமாக நடத்தத் தெரிந்துகொள்ள யாரிடம் போவது? பி.டி. சாரிடமா?

மடியில் அவர் ஒப்படைத்த தாள். நாற்பத்தொரு சொற்கள். லீவு முடிவதற்குள் நாற்பதுக்கு அகராதியில் விடை கண்டார். மிச்சம், பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் துர்காதேவி கேட்டது: 'இன்னைக்கு எங்கப்பாவுக்குப் பாடு.' ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று ஊர் கூடிப் பிரித்துக்கொடுக்கும் பங்கு அது. சோனியா 'முறை' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைக் கொடுத்துப் பார்த்தார்.

"அது பஸ்ல ஏற்றதுக்கு நிக்கற மாதிரி மிஸ்," என்றாள் துர்காதேவி. "பாடுன்னா அந்த எடமும் சேத்து."

நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். அரையாண்டு முடிந்துவிட்டது. சந்தை நாளில் தன் முறை வரும்போதெல்லாம் துர்காதேவி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பேரம் தொடங்காமல், மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.