குழாயடியில் வாசித்த மனு

எம்.ஏ. தமிழுக்குச் சமூகப் பிரச்சினையும் பாடம்தான் என்று அறுபத்தேழில் பம்பாயில் சொன்ன ஒரே பேராசிரியர் அவர். சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டுதான் படிப்பார்.

எங்கள் ஐந்து பேரையும் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடத்தியே கூட்டிப்போனார். அங்கே ஒரு சந்துக்கே ஒரு குழாய். அதிலும் தண்ணீர் நின்றுபோயிருந்தது. முனிசிபாலிட்டிக்கு மனு எழுதுவது எங்களுக்குப் பயிற்சி. “உணர்ச்சி போறலே” என்று என்னை மூன்று வாரம் திருப்பித் திருப்பி எழுதவைத்தார். நாலாவது வாரம் குழாயடியில் நின்று தானே அதை உரக்க வாசித்தார். அவர் குரல் தழுதழுத்தது.

காலிக் குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: “அய்யா, முனிசிபாலிட்டி ஆபீஸ்ல இருக்கவன் மராத்திக்காரன்லா? தமிழ்ல எழுதுனா அவன் எப்படி வாசிப்பான்?”

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“ட்ரான்ஸ்லேஷன் அடுத்த டெர்ம்லதாம்மா வரது.”

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அடுத்த டெர்மில் அவர் எங்களுக்கு மொழிபெயர்க்கக் கொடுத்தது, மழையைப் பற்றிய ஓர் இங்கிலீஷ் கவிதை. அந்த மனுவைப் போலவே அதிலும் எனக்குத்தான் முதல் மார்க்.