பல்செட்காரர் பிரித்த பேனா

பெரிய மனிதர்கள் பலரையும் பொக்கை வாயோடு பார்த்தவர் என்பதால், பல்செட்காரருக்கு யார் மீதும் அளவுக்கு மீறிய மரியாதை கிடையாது. அக்கா மட்டும் விதிவிலக்கு.

அறுபத்தோரு வயது அக்கா ஒரு திங்கட்கிழமை பட்டறைக்கு வந்து, பச்சைக் கோடு போட்ட பழைய பேனா ஒன்றை மேசையில் வைத்தாள்.

"இதைச் சரி பண்ணுடா. வெள்ளிக்கிழமை விவாகரத்துப் பத்திரத்துல இதாலதான் கையெழுத்துப் போடப் போறேன்."

"மாமாவோட பேனாவாச்சே! கேட்டியா?"

"கேட்டா குடுப்பாரா? முப்பத்தஞ்சு வருஷமா சட்டைப்பையில குத்திட்டுத் திரியறார். ஒரு வரி எழுதிப் பாத்திருக்கியா நீ?"

வால்பக்கத் திருகைத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கி மையை உறிஞ்ச வேண்டும். திருகோ அசையவில்லை. உலர்ந்த மை பிஸ்டனைக் கோந்து போலப் பிடித்திருந்தது. முரட்டுத்தனம் காட்டினால் தண்டு முறியும். வெந்நீரில் போட்டால் உடல் கோணும். நிப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைத்தார். தண்ணீர் நீலமாக ஆக ஆக அதை மாற்றிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை திருகு அசைந்தது. உறுப்புகளை வெளியே எடுத்தால், பிஸ்டன் தலையிலிருந்த தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாட்டில் தக்கை ஒன்றைச் சீவி, பல்செட் மெழுகை உருக்கி அதில் ஊற வைத்தார். முதல் தக்கை நுழையவில்லை, இரண்டாவது தொளதொளத்தது. மூன்றாவதை இழைத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்துவிட்டார். கீழ்ப்பல் ஈறைக் குத்துகிறதாம். பல்லைக் கழற்றி நீட்டியவர் மேசையைப் பார்த்தார்.

"எம் பேழா!"

பல்செட்காரர் ஈறைக் குத்திய இடத்தை அராவி, பல்லைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டிக்கொண்ட மாமா கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அது எழுதாதுப்பா. உங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்பவே எழுதாது. சும்மா ஒரு கெத்துக்கு..."

"அப்புறமாவது சரி பண்ணியிருக்கலாமே மாமா?"

"எழுதலைன்னு ஒத்துக்கணுமே!"

மூன்றாவது தக்கை கச்சிதமாக உட்கார்ந்தது. பேனாவைப் பூட்டி, மைப்புட்டியில் நிப்பை முக்கி, திருகை மாமாவிடமே விட்டார். அவர் திருகத் திருக மை சர்ரென்று ஏறியது. மாமா வாயைப் பிளந்தார். பல் விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வக்கீல் அறையில், பல்செட்காரர் கொண்டுவந்து தந்த பேனாவால் அக்கா கையெழுத்திட்டு, அதை மாமாவிடம் நீட்டினாள். மாமா போட்டார். எழுதுகிற ருசியில் சாட்சிகளின் இடத்திலும் போட்டார், வக்கீலின் இடத்திலும் போட்டார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமா அவளை அப்படிச் சிரிக்க வைத்துப் பல வருடமாகியிருந்தது. பக்கத்தை மறுபடி அச்சடித்து, இரண்டாம் முறை ஒழுங்காகப் போட்டுப் பிரிந்தார்கள்.

"பேனா?" என்றார் மாமா வாசலில்.

"எனக்கு வேலை இருக்கு," என்றாள் அக்கா.

இருந்தது. மூன்றாம் மாடியில் தனியாக ஒரு வீடு பிடித்தாள். குளியலறைக் கசிவு பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்தப் பேனாவால் இரண்டு பக்கம் எழுதினாள். மறுநாளே குழாய்க்காரர் வந்து நின்றார்.