மெத்தைத் தூசியும் ஒரு துண்டுத் தசையும்

கல்யாணச் சீராக என் பிறந்த வீட்டில் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை அது. ஸ்ரீரங்கத்து வீட்டில் அதில் படுக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் மூச்சு லேசாகிவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என் கணவர்.

"என் பக்கத்துல படுத்தா மட்டும்தான் மூச்சு முட்டுதா? என்னைப் புடிக்கலைன்னா சொல்லித் தொலை. எதுக்கு இந்த நடிப்பு?"

மெத்தையை மாற்றலாம் என்றேன். சீர் மெத்தையைத் தூக்கிப் போட்டால் குடும்பம் விளங்காது என்று என் அம்மாவே போனில் அழுதாள். கணவரோ, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார், நாத்தனார் எதிரிலேயே. அந்த மகராசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவரையும் அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கும் மூச்சு வேண்டுமே!

எனக்கு வேலை ஒவ்வாமை பற்றிய ஆய்வுக்கூடத்தில். அறுவை சிகிச்சையில் எடுத்த நுரையீரலிலிருந்து மூச்சுக்குழாயின் மென்தசையைத் துண்டுகளாக்கி, உப்புநீரில் தொங்கவிட்டு, அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்போம். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, ஒரு துண்டை என் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரில் ஊறவைத்தேன். இன்னொன்றை, ஒவ்வாமையே இல்லாத தோழியின் சீரத்தில். மறுநாள் மெத்தைத் தூசியைக் கரைத்து வடிகட்டி இரண்டிலும் விட்டேன். தோழியின் துண்டு சும்மா கிடந்தது. என்னுடையது இறுகிச் சுருண்டது. அதன்பின் லேசான தூண்டுதலுக்கே எகிறியது. என் ரத்தத்து ஆன்டிபாடிகள் போய் ஒட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் தசைக்கு என் இழுப்பை வரவழைத்துவிட்டன. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமில்லை, ஆத்திரம்.

இரண்டு துண்டுகளும் சுருங்கிய அளவைக் கருவி கோடுகளாக வரைந்திருந்த வரைபடத்தை வீட்டில் அவர் முன்னால் வைத்து, எது என்னவென்று விளக்கினேன்.

"இந்தத் தசைக்கு உங்க முகம் தெரியாது, குரல் தெரியாது. இது யாருகிட்ட நடிக்குது? சொல்லுங்க."

வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. எழுந்துபோய் மெத்தையைத் தானே சுருட்டி வெளியே போட்டுவிட்டு, கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"அப்போ மெத்தைதான் காரணம். என்னைப் புடிக்காம இல்லையே?"

"அப்ப புடிச்சுதுங்க" என்றேன். "இப்பத்தான் புடிக்கலை."