சகனில் என் பக்கம்

எங்கள் வீட்டில் விருந்தென்றால் சகன்தான். பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். என் மேலண்ணத்தில் கட்டி இருப்பது தெரிந்த அன்றைக்கே என்னை அதிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.

கட்டி சுண்டைக்காய் அளவுதான். வலியே கிடையாது. நாக்குதான் சும்மா இருக்காமல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும். தென்காசியில் பல் டாக்டர், பல்வேரில் சீழ் என்று மாத்திரை கொடுத்தார். கட்டி அசையவில்லை. திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான், என் மாமியார் அதைப் புத்துநோய் ஆக்கி, இலஞ்சி வரைக்கும் செய்தி சொல்லி முடித்துவிட்டார். அடுப்படி மூலையில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வந்தன. கணவர் சவூதியில் இருந்தார். போனில் அழுதேன். உம்மா சொல்வதைக் கேள் என்றார்.

திருநெல்வேலி டாக்டர் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார். உமிழ்நீர் சுரப்பியில் வருகிற கட்டி, அபூர்வம், புற்றுநோய் இல்லை என்றார். புற்றுநோயே என்றாலும் ஒட்டாது என்றும் சொன்னார். ஆனால் சுற்றியுள்ள சதையோடு எடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திரும்ப வரலாம் என்றார். கூட வந்த மாமியார் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது.

அறுத்து எடுத்தார்கள். அண்ணத்தில் குழி. ஆறும்வரை பிளாஸ்டிக் தகடு மாட்டிக்கொண்டு, வாயில் கொழுக்கட்டை வைத்தது போலப் பேசினேன். நாத்தனார் அப்படியே பேசிக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், என் ஆறு வயது மகள் உட்பட. அவள் குழந்தை. மற்றவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

சாரல் நேரத்தில் கணவர் லீவில் வந்தார். கட்டி முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் அவரிடமே சொன்னார். ஐந்தருவியில் குளித்துவிட்டு எல்லாரும் பசியோடு வீடு திரும்பினோம்.

"உம்மா, இனி அவளும் சகன்ல உக்காரட்டும்" என்றார்.

மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாமியார், நாத்தனார், மகள், நான். பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் சோற்றுக்கும் அவர்கள் சோற்றுக்கும் நடுவே தட்டு வெறுமனே தெரிந்தது. நல்ல கறித்துண்டாகப் பார்த்து, எலும்பை நீக்கி மகள் பக்கம் வைத்தேன். அவள் அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினாள். ஏன் என்று கேட்டேன்.

"நீ தொட்டதத் தின்னா எனக்கும் வாயில ஓட்டை விழும்னு வாப்பும்மா சொன்னாங்க."

மாமியார் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆண்கள் சகனில் இருந்த கணவருக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அந்த எவர்சில்வர் தட்டில் முன்னமே சோறு போட்டு மூடி வைத்திருந்தது.