மங்கலத்துக்கு ஏறாத ஊசி

கடலூர் துறைமுகத்தில் மங்கலம் ஏலம் கூறினால் உப்பனாற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் அன்றைய மீன் விலை தெரிந்துவிடும் என்பார்கள். அப்படி ஒரு குரல். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தான், பிள்ளை இல்லை. இருபத்தைந்து வயதில் ஏலத்துக்கு வந்தவர், எழுபது தாண்டியும் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. கடைசியில் முட்டிதான் காலை வாரிவிட்டது. அக்காள் மகள் இளமதி சென்னைக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"நாலாவது மாடியில ஒக்காந்துகிட்டு நான் யாருகிட்ட பேசறது?" என்றார் மங்கலம். தானே நாலு இடம் விசாரித்து, சிதம்பரத்தை ஒட்டியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அங்கே அவருக்கு வாய்த்த தோழி சைதுன் பீவி. பரங்கிப்பேட்டைக்காரர். வயது எண்பதுக்கு மேல். உடம்பு துடைப்பக்குச்சி மாதிரி. அரை இட்லிக்கு மேல் இறங்காது. சக்கர நாற்காலியை மங்கலம்தான் தள்ளுவார். தள்ளுவது பிடிமானத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் டாக்டர் வெண்மதி வந்தார். வயதானவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டால் அவர்கள் உடம்பு அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று ஓர் ஆய்வு. ஊசிக்கு முன்னால் கொஞ்சம் ரத்தம், ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொஞ்சம். நோயை எதிர்க்கும் பொருள் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இளவயதுக்காரர்கள் சிலரும் வேண்டும் என்றார் டாக்டர். இல்லத்து ஊழியர்களில் நர்ஸ் இலக்கியா மட்டும் கை நீட்டினாள். மற்றவர்களுக்கு அவசரமாக வேலை வந்துவிட்டது. சமையல்காரர் பழனிவேல் பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

பெரியவர்களும் தயங்கினார்கள். "ரத்தத்த எடுத்துகிட்டுப் போயி என்னா பண்ணுவாங்களோ" என்று ஒரு முணுமுணுப்பு. மங்கலம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து ஜாக்கெட் கையை மேலே ஏற்றினார்.

"எடு டாக்டரம்மா. நம்ம ரத்தம் துறைமுகத்து ரத்தம். ஒன் மிஷினு தாங்குதான்னு பாரு."

பின்னாலேயே பீவியும் கையை நீட்டினார். அந்தக் கையில் நரம்பைக் கண்டுபிடிப்பதற்குள் இலக்கியாவுக்கு வேர்த்துவிட்டது.

"பீவிக்கா, ஒங்களுக்கு எதுக்கு இது? இருக்கற ரத்தமே ஒரு சங்கு அளவுதான்" என்றார் மங்கலம்.

"வாய மூடு புள்ள. யாருக்கு ஜாஸ்தி ஏறுதுன்னு பாத்துக்கலாம்."

"பாத்துடலாம். தோத்தவங்க ஞாயித்துக்கெழம கொடுவா மீன் தலைய விட்டுக் குடுத்துடணும்."

இரண்டு கிழவிகள் பந்தயம் கட்டியதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே மற்றவர்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் இல்லம் முழுக்கக் கை வலிப் பேச்சுதான். பீவிக்கு லேசாக உடம்பு சுட்டது. மங்கலம் மட்டும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். "எனக்கு வலியே தெரியல பாரு! ஊசி போட்டதே ஒடம்புக்குத் தெரியல!" அன்று அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முடிவுகளோடு வந்தார். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தார். மங்கலம் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு எவ்ளோ, பீவிக்காவுக்கு எவ்ளோ? எல்லாரு முன்னாடியும் சொல்லு." பீவியும் சொல்லச் சொல்லித் தலையாட்டினார்.

இலக்கியாவுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். அது எதிர்பார்த்ததுதான். அடுத்தபடியாகப் பெரியவர்களில் யார் என்று பார்த்தால், சைதுன் பீவி. டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மங்கலம்மா, உங்களுக்கு ஏறவே இல்லன்னுதான் சொல்லணும். முன்னாடி எப்படி இருந்துச்சோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மங்கலம் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

வாழ்நாள் முழுக்க அந்த உடம்பை நம்பித்தான் அவர் நின்றிருந்தார். கேட்க ஆள் இல்லாத இடத்தில், ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவில், மழையிலும் வெயிலிலும் நிற்க வைத்தது அதுதான். அதுவே இப்போது தூங்கிவிட்டது என்கிறார்கள்.

சாயங்காலம் டாக்டர் புறப்படும் முன் அறைக்கு வந்தார். பீவியின் நாற்காலியையும் அவரே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணன், டாக்டரம்மா?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. வயசானா தலைமுடி நரைக்கிற மாதிரி, நோயோட சண்டை போடுற அணுக்களுக்கும் வயசாகுது. சில பேருக்குச் சீக்கிரம், சில பேருக்கு மெதுவா. வெளிய பலமா இருக்கறதுக்கும் அதுக்கும் எப்பவும் சம்பந்தம் இருக்கும்னு சொல்ல முடியாது. நாங்க ரத்தத்துல பாத்தது ஒரு கணக்குதான், உடம்புக்கு நோயை எதிர்க்க வேற வழியும் இருக்கு. காய்ச்சல் வந்தா அது முத்தாம இருக்க இந்த ஊசி உங்களுக்கு உதவலாம். அதனால போட்டது வீண் இல்ல."

"உதவலாம்னா? உதவாமயும் போவலாம்தான?"

"ஆமா" என்றார் டாக்டர். மழுப்பாமல் சொன்னது மங்கலத்துக்குப் பிடித்திருந்தது. "அதனாலதான் உங்களச் சுத்தி இருக்கறவங்க போட்டுக்கணும்னு சொல்றோம். சமைக்கிறவங்க, குளிப்பாட்டி விடுறவங்க, பாக்க வர்றவங்க. அவங்க உடம்பு இளசு, நல்லா ஏறும். காய்ச்சல் இந்த வீட்டுக்குள்ள வர்ற வழி கொறையும்."

மங்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அன்னிக்குப் பின்வாசல்ல ஓடுனானே பழனிவேலு, அவன் போட்டுகிட்டா எனக்கு வேலியா?"

"நல்ல வேலி."

பீவி மடியில் மூடி வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே கொடுவாத் தலை. "ஜெயிச்சதுக்கு எனக்குக் குடுத்தாங்க. இந்த முள்ளெல்லாம் என்னால ஆவாது. நீயே தின்னு." மங்கலம் ஒரு முள் மிச்சம் வைக்காமல் தின்றார்.

அடுத்த வாரம் ஊழியர்களுக்கும் ஊசிக்கு டாக்டர் ஏற்பாடு செய்தார். இல்லத்தின் மேலாளர் அன்புமணி எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். பாதிப் பேர் கதவோரமாக நின்றார்கள். அப்போது மங்கலம் எழுந்தார். ஏலத்தை விட்ட நாளிலிருந்து உள்ளே அடங்கிக் கிடந்த குரல் வெளியே வந்தது.

"வாங்க வாங்க! ஒரே ஊசி! எறும்பு கடிக்கற வலி! யாரு கை மொதல்ல? துணி தொவைக்கற கை ஒண்ணு வந்துச்சு! இன்னொரு கை? பால் ஊத்தற மச்சான், நீயுந்தான், எங்க நழுவற? ரெண்டு கை! மூணாவது யாரு?"

ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பழனிவேல் மட்டும் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றார்.

"எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் மங்கலம்மா. நெசமா."

மங்கலம் குரலைத் தாழ்த்தி, அவர் பக்கத்தில் போனார். "எனக்கு ஏறலடா தம்பி. டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒனக்கு ஏறுனாதான் எனக்கு வேலி. நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல. ஒங்கிட்ட கேக்கறேன்."

பழனிவேல் கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார். சொன்ன மாதிரியே மயங்கியும் விழுந்தார். எழுப்பி உட்கார வைத்து, அன்றைக்குச் சாம்பாரை மங்கலமே தாளித்தார்.

கார்த்திகை மழையோடு ஊரெங்கும் காய்ச்சல். இல்லத்திலும் இரண்டு பேருக்கு வந்தது. அதில் ஒருவர் மங்கலம். தனி அறையில் போட்டார்கள். இருமல் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. மூன்றாம் நாள் பேச்சே எழும்பவில்லை. பீவி சாத்திய ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். இலக்கியா மாத்திரையும் கஞ்சியுமாக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகவில்லை. ஒரு வாரத்தில் ஜுரம் விட்டு, மங்கலம் எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பீவி. "ஊறுகா கேட்டுட்டா. பொழச்சிகிட்டா."

மங்கலத்தைக் காப்பாற்றியது அவர் போட்டுக்கொண்ட ஊசியா, மாத்திரையா, அந்தத் துறைமுகத்து உடம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர் வெண்மதி. ஆனால் காய்ச்சல் அந்த இருவரோடு நின்றது. சமையலறைப் பக்கம் போகவில்லை. பீவியின் பக்கமும் போகவில்லை.

தை மாதத்தில் இளமதி சென்னையிலிருந்து சித்தியைப் பார்க்க வந்தாள். கையில் கரும்பும், மூக்கில் ஜலதோஷமும். மங்கலம் கேட்டைத் திறக்க விடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே விசாரணை நடந்தது.

"ஊசி போட்டியாடி?"

"என்னா ஊசி சித்தி? வந்தவள மொதல்ல உள்ள விடு."

"போடல. அப்ப அங்கேயே நில்லு. கரும்ப வாட்ச்மேன்கிட்ட குடு. ஒம்மேல ஆசை இல்லாம இல்லடி, இங்க ஒரு துடைப்பக்குச்சி இருக்கு, அதுக்கு ஒண்ணு ஆவக் கூடாது."

முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு இருபுறமும் நாற்காலி போட்டு, இருவரும் ஒரு மணி நேரம் கத்திக் கத்திப் பேசினார்கள். தெருவில் போனவர்களெல்லாம் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஜலதோஷம் விட்டதும் இளமதி சென்னையிலேயே ஊசி போட்டுக்கொண்டு, மாசியில் மறுபடியும் வந்தாள். கேட் திறந்தது. மங்கலம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்; பிறகு நாற்காலியில் இருந்த பீவியிடம் அழைத்துப் போய், "இவளுக்கும் ஏறிடுச்சுக்கா" என்றார்.