வைத்தியச்சி இறந்தாளா, இல்லையா?

மழைக்காலத்தில் நனைந்த குடைகளையெல்லாம் வாசலில் விரித்து வைத்திருப்போம். அந்த ஈரத்துணி வாடை ஏசி அறைக்குள்ளும் வந்துவிடும்... தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் இருந்த என் முதல் ஆபீஸை நினைத்தால், முதலில் வருவது அந்த வாடைதான்.

மொபைல் கேம் செய்கிற சின்ன கம்பெனி. கேமில் வரும் ஊர்கள், மனிதர்கள், அவர்களுடைய பழைய கதை... இதையெல்லாம் வெப்சைட்டில் கட்டுரையாகப் போடுவோம். லோர் ஆர்ட்டிகிள் என்று பெயர். எழுதுவது ஜெயந்தி, திருத்துவது நான். நான் சாலைக் கடைவீதியில் வளர்ந்தவன். அவள் போனக்காடு தேயிலை எஸ்டேட்காரி. மற்றவர்களெல்லாம் மலையாளிகள், ஆபீஸில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த கேமில் ஒரு மலைநாடு. அங்கே ஒரு வைத்தியச்சி. காய்ச்சல் கண்ட ஊரைக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் அதே காய்ச்சலில் இறந்துபோவாள். ஆனால் விளையாடுகிறவர் கையில் ஒரு பச்சை மருந்து இருந்தால் அவளை எழுப்பிவிடலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

ஜெயந்தியின் கட்டுரையில் மருந்தே இல்லை. வைத்தியச்சி இறந்தாள், மலைமேல் புதைத்தார்கள், ஊரே அழுதது. அவ்வளவுதான்.

டீம் லீடர் அனில் சேட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. மலையாளம் கலந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"இத வாசிச்சிட்டு கேம் உள்ள போனா அவ எழுந்து நிக்குது. பிளேயருக்கு கன்ஃப்யூஷன் ஆகுமல்லோ? மருந்து, எத்ர லைஃப் வரும், எல்லாம் சேர்க்கணும் கேட்டோ."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் சாப்பிடும்போது ஜெயந்தியிடம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, மருந்து இருக்குன்னு வெளையாடுறவனுக்குத்தான் தெரியும். அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா? அவங்க அழுதாங்கல்ல... மருந்தையும் சேத்து எழுதிட்டா அந்த அழுகையெல்லாம் பொய்யாயிரும்."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கம்மாவ ஜீப்புல கீழ கொண்டு வர்றப்பவே முடிஞ்சிருச்சுண்ணே. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நான் கைய விடல."

அவள் அம்மா இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

சாயங்காலம் அனில் சேட்டனிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை, கட்டுரையைப் பற்றி மட்டும் பேசினேன். அந்த உலகத்து மனிதர்களுக்குத் தெரிந்தது மட்டும் கட்டுரைக்குள் இருக்கட்டும். மருந்து, லைஃப் எல்லாம் விளையாடுகிறவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதைத் தனிப் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு லிங்க் கொடுத்துவிடலாம் என்றேன்.

"மதி. அங்ஙன மதி." போதும், அப்படியே போதும் என்றார் அவர்.

ஜெயந்தியிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த லிங்கை அவள் கையால் போடவே இல்லை. நான்தான் போட்டேன்.

கேம் ஓடவில்லை. கம்பெனியை மூடினார்கள். ஜெயந்தி கொச்சியில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். சர்வரை நிறுத்திய அன்று போன் செய்தேன்.

"அவ கத இருக்காண்ணே?"

"இருக்கு. வெப்சைட்ட இன்னும் எடுக்கல."

கொஞ்ச நாளில் அதையும் எடுத்துவிட்டார்கள். அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவள் நம்பர் மாறிவிட்டது... பேச்சும் நின்றுபோனது.

இப்போது ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். அதே வேலைதான். கட்டுரையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதற்கு கைட்லைன் இருக்கிறது. சந்தேகம் வந்தால் திறந்து பார்த்தால் போதும். ஒரு கதாபாத்திரத்துக்காக யாரும் யாரிடமும் வாதாடுவதில்லை. வேலையும் நேரத்துக்கு முடிந்துவிடுகிறது.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பேன்... அன்று பகலெல்லாம் திருத்தியதில் ஒரு பெயர்கூட ஞாபகம் வராது.