துடிப்பை மறைத்து நான் எழுதிய ‘இல்லை’

என் கணவருக்குக் கல்லீரலில் கட்டி. மின்சாரம் பாய்ச்சி அதை அழிக்கலாம் என்றதால், கிள்ளானிலிருந்து கோலாலம்பூரிலுள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

நிரப்பச் சொன்ன பாரத்தில், இதயத் துடிப்பில் கோளாறு உண்டா என்று கேட்டிருந்தது. அவருக்கு அவ்வப்போது நெஞ்சு படபடக்கும். அவர் லோரி ஓட்டும் லைசென்ஸ் போய்விடுமே என்று வருஷக்கணக்கில் மறைத்தே பழகியவர்கள் நாங்கள். அதே பழக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

உள்ளே கொண்டுபோகும் முன் டாக்டர் விளக்கினார்: “துடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் கரண்ட் விடுவோம் ஆன்டி. நேரம் தப்பினா இதயமே நின்னுடலாம்.”

பாரத்தில் எழுதியதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாம இரு லா,” என்று கணவர் முறைத்தார்.

“டாக்டர், நான் பொய் எழுதிட்டேன்!” என்று கத்தியேவிட்டேன்.

நிறுத்தினார்கள். சோதித்ததில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. பிறகு வேறு சிகிச்சை கொடுத்தார்கள்.

அவர் இனி ஓட்டக் கூடாதென்று லோரிச் சாவி இப்போது என் கைப்பையில். எந்தப் பாரம் வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் தேடுகிறேன். ‘உண்டு’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை நிரப்புகிறேன்.